கார்டுக்கு வைத்த பொட்டு

ஜீவனஹள்ளியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே சாக்கையும் கவர்மென்ட் புடுங்கிடுச்சுக்கா,” என்றாள் இளையவள்.

“என்னடி சாக்கு?”

“குடலிறக்க ஆபரேஷனுக்கு வாங்கன்னா, ‘அவ்ளோ துட்டுக்கு எங்க போறது’ன்னு வருஷக்கணக்கா தள்ளிட்டாரு. தண்ணி கேன் தூக்குறப்பல்லாம் வயித்தைப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு, பாக்க முடியாதுக்கா. இப்போ இன்சூரன்ஸ் கார்டு வந்திடுச்சு, பைசா இல்லாம பண்றோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து மனுஷனுக்கு ஒரே பக்தி.”

“பக்தியா?”

“கார்டை சாமி படத்துக்கிட்ட வெச்சிருந்தேன். நான் வெள்ளிக்கிழமைதான் அதுக்குப் பொட்டு வெப்பேன். இவரு தினம் குளிச்சிட்டு, குங்குமத்தைத் தண்ணியில குழைச்சி வெக்கிறாரு. கரெக்டா நம்பர் மேலயே!”

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“அய்யோ, நம்பர் தெரியலன்னா சேத்துக்க மாட்டாங்களேடி?”

“கார்டு வந்த அன்னிக்கே போன்ல போட்டோ புடிச்சிட்டேன். அவருக்குத் தெரியாது.”

தொம்மலூர் வந்தது. இளையவள் பின்பக்கம் திரும்பி, “ஆஸ்பத்திரி வந்திடுச்சு, இறங்குங்க!” என்றாள்.

கடைசி சீட்டில் மடியில் துணிப்பையோடு இருந்தவர் அசையவில்லை. “நம்பரே அழிஞ்சிடுச்சேம்மா, வீட்டுக்குப் போயிடலாமா?”

அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் கார்டு நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

“போனுக்குப் பொட்டு வெக்கலையா நீ?” என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.