ஆறு என்று சொன்ன அண்ணனுக்கு

பாரத்தைச் சுமந்த தோளுக்கும் பொய்யைச் சுமக்காத நாவுக்கும் சொந்தக்காரரே! வளைந்த படிக்கட்டையும் வளைந்து கொடுக்காத மரச்சாமானையும் ஒன்றோடொன்று சமாதானம் செய்துவைத்த சமர்த்தரே! ஊரார் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுசேர்த்து, தம் உடம்பின் கீறல்களை மட்டும் மறைக்காமல் சொன்ன மாண்புடையவரே! எங்கள் பீரோ அண்ணனே!

வணக்கம்.

உங்களோடு பாரம் தூக்கும் நாங்கள் இந்த மடலைக் கோபத்தோடு எழுதியிருக்கிறோம். முதலில் அழகாகத்தான் தொடங்கினோம். உங்கள் கருணையைக் கடலோடும் பொறுமையைப் பூமியோடும் ஒப்பிட்டு நம் கணக்கர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். பொதி கட்டும் அக்கா அதை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கடல், பூமியெல்லாம் இருக்கட்டும். இந்த மனுஷனை ஏன் வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு இதுல எங்கே இருக்கு?" என்று கேட்டார். கணக்கர் தலையைச் சொறிந்தார். அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். இது வேறு மடல்.

இந்த வழியனுப்பு விழா அழைப்பிதழில் 'விருப்ப ஓய்வு' என்று அச்சிட்டிருக்கிறது. யாருடைய விருப்பம்? உங்களுடையது அல்ல, ஓய்வு வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அண்ணியுடையது அல்ல, அவர் இதோ மேடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அழைப்பிதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கிறார். எங்களுடையதும் அல்ல. அந்த விருப்பத்துக்குச் சொந்தக்காரர் இந்த மண்டபத்தில் இருந்தால், மடல் முடிவதற்குள் எழுந்து நிற்கலாம். அவசரம் இல்லை.

அண்ணா! வீடு மாற்றித் தரும் இந்தத் தொழிலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, உடம்பைப் பற்றிப் பேசுவது வெட்கம் என்று நினைத்திருந்தோம். இடுப்பு வலித்தால் சிரிக்க வேண்டும், முட்டி வலித்தால் பாட வேண்டும், மூச்சு வாங்கினால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிய வேண்டும். அப்படியொரு நாளில், யாரோ ஒருவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் நின்றார். அவருக்குத் தலை சுற்றியது. கூட நின்றவரின் கால் ஒடிந்தது. கால் ஒடிந்தவர்தான் இன்று நம் கணக்கர். முதல் மாடி ஏறும்போது பாதியில் நின்று, வராத தொலைபேசி அழைப்புக்கு "சொல்லுங்க, சொல்லுங்க" என்பாரே, அவரேதான்.

மறுநாள் காலை வண்டியின் பின்கதவைத் திறக்கும் முன் நீங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினீர்கள். "இன்னிக்கு நீ எத்தனை ஆள்?" என்று கேட்டீர்கள். எங்களுக்குப் புரியவில்லை. நீங்களே முதலில் சொன்னீர்கள். "நான் இன்னிக்கு முக்கால் ஆள். ராத்திரி சரியாத் தூக்கமில்லை."

அன்று தொடங்கியது நம் வழக்கம். ஃப்ரிட்ஜுக்கு மூன்று ஆள் வேண்டும். நான்கு பேர் நின்றாலும், முக்காலும் அரையும் கூட்டினால் மூன்று வராவிட்டால் தொடக் கூடாது. இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். அரை ஆள் என்று சொன்னவரை யாரும் கேலி செய்யக் கூடாது. ஒரு முறை ஓட்டுநர் மட்டும் துணிந்தார். "என்னப்பா அரை ஆளு, மீதியைப் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு வந்தியா?" என்றார். அன்று முழுக்க அவரைச் சமையலறைப் பாத்திரப் பெட்டிகளையே தூக்க வைத்தீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அம்மிக்கல் இருந்ததாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த உண்மை உங்களுக்கு வேலைக்காகப் போட்டுக்கொண்ட சட்டை அல்ல. அண்ணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன வீட்டில் மற்ற மாப்பிள்ளைகள் சொத்தைச் சொல்வார்கள், படிப்பைச் சொல்வார்கள், மாமன் மச்சான் பெருமையைச் சொல்வார்கள். நீங்கள் மாமனாரைப் பார்த்து, "இடுப்பு நல்லா இருக்குங்க, முட்டி நல்லா இருக்கு. இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம்" என்று சொன்னீர்களாம். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாராம். அன்றிலிருந்து அவர் உங்களுக்கு வலது பக்கம்தான் உட்காருகிறார். இப்போதும் பாருங்கள், வலது பக்கம்தான்.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறோம். வர மனமில்லை, ஆனாலும் வருகிறோம்.

புதிதாக வந்த மேலாளர் ஐயா நம்மையெல்லாம் கிடங்கில் கூட்டினார். உடல்தகுதியைப் பற்றி நல்லபடியாகவே பேசினார். "அவங்கவங்க உடம்பைப் பத்தி அவங்கவங்கதான் நேர்மையாச் சொல்லணும். பத்துக்கு எத்தனைன்னு மதிப்பெண் போடுங்க. உண்மையைச் சொன்னா யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது, நான் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தை இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. மந்தமான காதிலும் இருக்கும்.

முதலில் ஓட்டுநர் எழுந்தார். சாவி கீழே விழுந்தால் குனிந்து எடுக்க முடியாமல் காலாலேயே இழுத்து ஓரம் கட்டுபவர். "பத்து" என்றார். கணக்கர் எழுந்தார், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "ஒன்பது" என்றார். பொதி கட்டும் அக்காவுக்குக் காலையில் விரல்கள் மரத்துப்போய், ஒட்டுநாடாவின் நுனியைப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பார். "ஒன்பது" என்றார். நம்மில் இளையவர், கையை முறுக்கிக் காட்டியே பயில்வான் என்று பெயர் வாங்கியவர், "பதினொண்ணுன்னு போடலாமாங்க?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். காலையில் ஒருவருக்கொருவர் அரை, முக்கால் என்று சொல்லிக்கொண்ட அதே வாய்கள்தான். அலுவலக நாற்காலிக்கு முன்னால் மட்டும் எல்லோரும் முழு ஆளாகிவிட்டோம்.

கடைசியில் நீங்கள் எழுந்தீர்கள். தோளைச் சுழற்றிப் பார்த்தீர்கள், ஏதோ கடையில் தராசைச் சரிபார்ப்பதுபோல. "ஆறு" என்றீர்கள். "வலது தோள் பழைய மாதிரி இல்லைங்க. படியில பாரம் இறங்குற கீழ்ப்பக்கம் நிக்க மாட்டேன். மேல்பக்கம் நிப்பேன். கட்டுறது, வழி பாக்குறது, யாரை எங்கே நிறுத்தணும்கிறது எல்லாம் செய்வேன்."

மேலாளர் ஐயா குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னீர்களாம். அண்ணிக்குக் கோபம் வந்ததாம். வேலை போய்விடுமே என்றா கோபம்? "எதுக்கு ஆறுன்னு சொன்னீங்க? தினம் தைலம் தேய்க்கிறவ நான். அஞ்சுதான்" என்றாராம். அண்ணி! உங்களை என்ன சொல்லிப் பாராட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு வீடு இருக்கிறது, அங்கே கணவன் ஒரு மதிப்பெண் கூட்டிச் சொன்னதற்காகச் சண்டை நடக்கிறது. இங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது, அங்கே நான்கு மதிப்பெண் குறைத்துச் சொன்னதற்காக ஒரு மனிதரை அனுப்புகிறார்கள்.

ஒரு வாரத்தில் உங்களைக் கூப்பிட்டு, இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்துச் சொன்ன ஓட்டுநருக்கு வேலை இருக்கிறது. பதினொன்று கேட்ட பயில்வானுக்குப் பாராட்டு. ஆறு சொன்ன உங்களுக்கு இந்த நாற்காலி, இந்த மேடை, இந்த மடல். இதுவா நியாயம்? உண்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கொடுத்தவரை வாசல் வரை வழியனுப்புவது எந்த ஊர் மரியாதை?

கோபம் இதோடு நிற்கவில்லை. போன வாரம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பாதி மடல்.

மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் பழுது. இரட்டைக் கதவு இரும்பு பீரோவைப் படி வழியாகக் கீழே இறக்க வேண்டும். நீங்கள் வழக்கம்போல் வரிசையில் நிறுத்திக் கேட்க வாயெடுத்தீர்கள். மேலாளர் ஐயா வந்திருந்தார். "அதெல்லாம் மதிப்பெண் போட்டாச்சு. நேரம் போகுது. நீங்க இனிமே தொட வேண்டாம், வேடிக்கை பாருங்க" என்றார். பதினொன்று என்பதால் பயில்வானைக் கீழ்ப்பக்கம் நிறுத்தினார்கள். பத்து என்பதால் ஓட்டுநர் மேல்பக்கம்.

நீங்கள் வேடிக்கை பார்க்கவில்லை. யாரிடமும் கேட்காமல் மேலே போனீர்கள். பீரோவின் இடுப்பில் பட்டைக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மாடித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவர்கள் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தீர்கள். மேலாளர் ஐயா, "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். "பசங்க மேல இருக்குங்க. பத்து மேல இல்லை" என்றீர்கள்.

இரண்டாவது வளைவில் பயில்வானின் மணிக்கட்டு மடங்கியது. பத்து நாளாக அது வீங்கியிருந்ததை அவர் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஓட்டுநரின் முட்டி தாங்கவில்லை. பீரோ சரிந்தது. கயிறு விறைத்தது. "விடு! கையை எடுத்துட்டு ஓரமா வாடா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கதவுகள் திறந்தன. பீரோ அந்தரத்தில் கோணலாக நின்றது. பயில்வான் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் மனைவிக்கு இது எட்டாவது மாதம்.

படியில் உட்கார்ந்து அழுதவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். அதட்டவில்லை.

"இன்னிக்கு நீ எத்தனை ஆள்?"

"அரை ஆள்ணே."

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா உனக்கு என்னடா குறைஞ்சிருக்கும்?"

"வேலை போயிருக்கும்ணே. உங்களுக்குப் போன மாதிரி."

அண்ணா! இத்தனை வருடத்தில் எங்கள் யாருடைய கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அன்று அந்தப் பதிலுக்கு உங்களிடம் மறுபதில் இல்லை. எழுந்துபோய்க் கயிற்றைச் சரிபார்த்தீர்கள். ஒரு நல்ல மனிதரைத் தாம் கற்றுக்கொடுத்ததைத் தாமே சந்தேகிக்கும்படி செய்துவிட்டார்கள். எங்கள் ஆத்திரத்தின் அடி அதுதான். உங்கள் வேலையை எடுத்தால் திருப்பித் தரலாம். அந்த மௌனத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

இந்த மடலைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறோம்.

மேலாளர் ஐயா, தோள் தூக்கவில்லை என்றால் கண் தூக்கும். அன்று பீரோவை நிறுத்தியது ஆறு மதிப்பெண் வாங்கியவர். எந்தப் படியில் யாரை நிறுத்துவது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று இப்போதாவது தெரிந்திருக்கும். அந்த ஆள் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை வண்டியின் பின்கதவுக்கு முன்னால் வரிசையாக நிற்போம். அண்ணன் வந்து "எத்தனை ஆள்?" என்று கேட்கும்வரை எங்களில் ஒருவரும் ஒரு தலையணையைக்கூடத் தொட மாட்டோம்.

அண்ணா, நீங்களும் அண்ணியும் நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும். மற்ற மடல்களில் 'குறைவற்ற ஆரோக்கியத்தோடு' என்று எழுதுவார்கள். உங்களுக்கு அப்படி எழுதினால் நீங்களே திருத்துவீர்கள். ஆகவே, குறையுள்ள தோளோடும், மந்தமான காதோடும், அந்தக் காதுக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மதிப்பெண்ணைத் திருத்தும் துணையோடும், எங்கள் கண்முன்னால் வாழ்க!

கையெழுத்திடுவோர், அவரவர் உடம்பை அவரவரே பார்த்துச் சொன்னபடி:

ஓட்டுநர். ஐந்து. இரண்டு முட்டியும். சாவியைக் காலால் எடுப்பது உண்மை.

பொதி கட்டும் அக்கா. ஏழு. காலையில் ஐந்து, வெயில் ஏறினால் ஏழு.

கணக்கர். நான்கு. படியில் நிற்கும்போது எனக்கு யாரும் தொலைபேசியில் பேசுவதில்லை.

பயில்வான். இன்று அரை ஆள். இடது கையால் எழுதியதால் எழுத்து கோணல், மன்னிக்கவும்.

அண்ணி. நான் ஊழியர் இல்லை. ஆனாலும் எழுதச் சொன்னார்கள். எனக்கு ஆறு. அவருக்கு ஐந்து.

இதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறோம். அன்று கிடங்கில் எல்லோருடைய எண்ணையும் கேட்ட மேலாளர் ஐயா தம்முடைய எண்ணைச் சொல்லவில்லை. மடலுக்குக் கண்ணாடியும் சட்டமும் தயார்; நீங்கள் எழுதுவதற்காகப் பின்பலகைக்கு மட்டும் இன்னும் ஆணி அடிக்கவில்லை. பேனா மேசைமேல் இருக்கிறது, ஐயா. உண்மையைச் சொன்னால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது. நாங்கள் பொறுப்பு.