எல்லாம் எடிட்டிங்

டல்சி: கையை இப்படிப் பிசையாதீங்க அண்ணி. மூணு மணிக்குக் கமிட்டியில அத்தனை பேரும் உங்க கையைத்தான் பார்ப்பாங்க.

நரெல்: என் கையை ஊரே பார்த்தாச்சு. ஊரென்ன, ஆஸ்திரேலியாவே பார்த்தாச்சு.

டல்சி: அதுக்குத்தானே ஒத்திகை. எங்கே, மறுபடி கேட்கிறேன். நான்தான் கமிட்டித் தலைவர் கீத்துன்னு வெச்சுக்கோங்க. "நரெல், சனிக்கிழமை நம்ம கண்காட்சியில திராட்சை கேக் போட்டிக்கு வழக்கம்போல உங்களையே நடுவரா உட்கார வைக்கலாமா? டிவி சமையல் போட்டியில பக்கத்து ஆளோட ஓவன் சூட்டைக் குறைச்சு வெச்சவங்க நீங்க..."

நரெல்: குறைக்கல கீத். அது எடிட்டிங்.

டல்சி: அழுத்திச் சொல்லுங்க. தொண்டையில ஸ்கோன் ரொட்டி மாட்டின மாதிரி சொல்றீங்க.

நரெல்: அது எடிட்டிங்! போதுமா?

டல்சி: ம்... தேவலை. இந்த ஜாம் பாட்டிலைக் கொஞ்சம் திறங்களேன். எனக்கு வழுக்குது.

நரெல்: வழுக்குதா... குடு.

டல்சி: அண்ணன் எங்கே காணோம்?

நரெல்: வெளியில யூட் வண்டியைக் கழுவிட்டிருக்கார். காலையில யாரோ அதுமேல முட்டை அடிச்சிட்டுப் போயிருக்காங்க. வெறும் வெள்ளைக்கரு.

டல்சி: வெள்ளைக்கரு மட்டுமா? ஓ... டிவியில உங்க பக்கத்து மேஜைப் பையன் செஃபா வெள்ளைக்கருவை அடிச்சுச் செஞ்ச பாவ்லோவா விழுந்ததுக்கா!

நரெல்: மஞ்சக்கருவைப் பிரிச்சு வீட்டுக்கு எடுத்துட்டாங்க போல. சிக்கனமான ஊரு நம்ம ஊரு.

டல்சி: இதுக்குத்தான் அந்தக் கண்றாவி ஷோவையெல்லாம் நான் பார்க்கிறதே இல்ல. நாலு பேரை அடைச்சு வெச்சு சிண்டு முடிஞ்சு விடுறது, அப்புறம் அழறதைக் கிட்டப் போய்ப் படம் பிடிக்கிறது. அதெல்லாம் ஒரு பொழப்பா? ...மஞ்சள் பூப்போட்ட சட்டையில நீங்க நல்லாத்தான் இருந்தீங்க, அது வேற விஷயம்.

நரெல்: பார்க்கிறதே இல்லையாக்கும்?

டல்சி: துணி மடிக்கிறப்ப ஓடிட்டிருந்துச்சு.

நரெல்: வாரத்துல நாலு நாளும் துணி மடிச்சியா?

டல்சி: பேச்சை மாத்தாதீங்க. அடுத்த கேள்வி. அந்தப் பையன் பாவ்லோவா சரிஞ்சு விழுந்தப்ப, "பாவம், ராசியில்ல"ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சீங்களே...

நரெல்: அந்தச் சிரிப்பு வேற நாளோடது.

டல்சி: அதே மஞ்சள் சட்டைதானே போட்டிருந்தீங்க?

நரெல்: சூட்சுமமே அதான். தனியா உட்கார வெச்சுப் பேட்டி எடுப்பாங்க பாரு, அதுக்கு எப்பவும் ஒரே சட்டைதான் போடணும். மாசக்கணக்குல. அப்பத்தான் எந்த நாள் சிரிப்பை எந்த நாள்ல ஒட்டினாலும் தெரியாது. நான் சிரிச்சது கேமராக்காரர் தொப்பியில பறவை எச்சம் போட்டதுக்கு.

டல்சி: அட!

நரெல்: பேச்சும் அப்படித்தான். "அவன் ஜெயிக்கிறது அவங்கம்மாவுக்குப் பெருமை"ன்னு ஒரு நாள் சொன்னேன். "அந்த மீன் குழம்பு எனக்குப் பிடிக்கவே இல்ல"ன்னு இன்னொரு நாள். இதுல பாதி, அதுல பாதி...

டல்சி: "அவன் ஜெயிக்கிறது எனக்குப் பிடிக்கவே இல்ல!" அடப்பாவிகளா, அதைக் கேட்டு நானே உங்களைத் திட்டினேனே!

நரெல்: துணி மடிச்சுக்கிட்டே.

டல்சி: சும்மா இருங்க. இதை அப்படியே கமிட்டியில சொல்லுங்க, கீத் கண்ணைத் துடைச்சுக்குவார். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. ஓவன் மேல இருந்த கை.

நரெல்: அது... என் ஓவன். என் ஓவனை நான் குறைச்சதை அங்க ஒட்டிட்டாங்க.

டல்சி: உங்க ஓவன்ல சிவப்புத் துணி தொங்கும். இதுல நீலத் துணி.

நரெல்: எடிட்டிங்.

டல்சி: துணி நிறத்தையுமா?

நரெல்: இந்தா உன் ஜாம் பாட்டில், திறந்தாச்சு.

டல்சி: சரி, விடுங்க. யாராவது கேட்டா, கம்ப்யூட்டர்ல மாத்திட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னு சொன்னா மறுபேச்சு கிடையாது.

நரெல்: செஃபா போன் பண்ணினான் டல்சி.

டல்சி: யாரு, அந்தப் பையனா? திட்டினானா?

நரெல்: சனிக்கிழமை இங்க வர்றானாம். பஸ் டிரைவர் வேலைக்கு லீவு போட்டுட்டு, லோகன்லேர்ந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு. அம்மாவையும் கூட்டிட்டு வர்றான்.

டல்சி: எதுக்கு? சண்டைக்கா?

நரெல்: "அத்தை, உங்களை எனக்குத் தெரியும். அது எடிட்டிங். உங்க ஊர் மேடையில ஏறி நானே சொல்றேன்"கிறான்.

டல்சி: தங்கமான பையன்! இனி கமிட்டி வாயைத் திறக்குமா? ஒத்திகையே வேண்டாம், வாங்க போவோம்.

நரெல்: அவங்கம்மா போனை வாங்கி எனக்காக ஜெபம் பண்ணினாங்க. சமோவா பாஷையில. நடுநடுவே என் பேர் மட்டும் புரிஞ்சுது...

டல்சி: நல்லதுதானே... அண்ணி? எதுக்கு இப்ப அழறீங்க?

நரெல்: நான்தான் குறைச்சேன்.

டல்சி: எதை?

நரெல்: அவன் ஓவனை. நீலத் துணி, என் கை, எல்லாம் நிஜம். அவன் அந்தப் பக்கம் திரும்பி முட்டை அடிச்சுக்கிட்டே பாடிட்டிருந்தான். எல்லாரும் கூடச் சேர்ந்து பாடுறாங்க. கேமரா பூரா அவன் மேல. என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. காலம் பூரா கேக் சுட்டவ நான், மூணு வருஷம் முன்னாடி கரண்டி பிடிச்சவன் அவன்... வயிறு எரிஞ்சுது டல்சி. கை போயிடுச்சு.

டல்சி: ஒரே ஒரு தடவைதானே...

நரெல்: ரெண்டு. மறுநாள் அவன் சர்க்கரை டப்பாவை என் மேஜைக்குக் கீழே தள்ளி விட்டேன். அந்த டைரக்டர் பொண்ணு வந்து, "ஆன்ட்டி, அதை வெட்டிட்டோம். ரெண்டையும் காட்டினா ஜனங்க தாங்க மாட்டாங்க"ன்னா. எடிட்டிங் என்னைக் கெடுக்கல டல்சி. காப்பாத்துச்சு.

டல்சி: ...இந்தாங்க, முதல்ல டீயைக் குடிங்க.

நரெல்: ஷோவுல ஆயிரம் பொய் உண்டு. சிரிப்பு பொய், பேச்சு பொய். அந்தக் கை ஒண்ணுதான் நிஜம். எனக்கு வேண்டியவங்க ஒருத்தரும் அதை நம்ப மாட்டேங்கறாங்க.

டல்சி: நம்பலேல்ல? அப்ப விட்டுடுங்க. நமக்குள்ளேயே இருக்கட்டும்.

நரெல்: இல்ல. மூணு மணிக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன். அவன் கிளம்பறதுக்கு முன்னாடி அவன்கிட்டயும் சொல்லணும். நடுவர் வேலையும் எனக்கு வேண்டாம்.

டல்சி: வேண்டாமா? பைத்தியமா உங்களுக்கு? உங்களுக்குப் பதிலா யார் வருவாங்க தெரியுமா? ப்ரிட்சர்ட் அம்மா!

நரெல்: வரட்டுமே. நேர்மையான மனுஷி.

டல்சி: நேர்மையாம் நேர்மை! கேக்கை நெடுக அறுத்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு திராட்சையா ஊசியில குத்தி எடுத்துப் பார்க்கும் அந்தம்மா!

நரெல்: பார்க்கட்டும். எல்லாருக்கும் ஒரே செய்முறைதான். காய்ஞ்ச திராட்சை ஒவ்வொண்ணையும் கத்தியால ரெண்டா மூணா வெட்டிப் போடணும், அவ்வளவுதானே விதி? உட்கார்ந்து வெட்டினவங்களுக்கு என்ன பயம்?

டல்சி: பயமா? எனக்கா? நான் குடும்ப மானத்துக்காகச் சொல்றேன். அண்ணன் பேர் என்ன ஆகறது?

நரெல்: உங்க அண்ணனுக்குத் தெரியும். நேத்தே சொல்லிட்டேன்.

டல்சி: அப்ப சரி, சொல்லுங்க. யார் வேணாங்கறா? ஆனா சனிக்கிழமை கழிச்சுச் சொல்லுங்க. பரிசு ரிப்பன் குடுத்து முடியட்டும். இந்த ஒரு வருஷம் மட்டும் நடுவரா இருந்துடுங்க. கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணி.

நரெல்: அந்தப் பையன் மேடையில ஏறி எனக்காகப் பொய் சொல்லணும், நான் உட்கார்ந்து கேக் தின்னணுமா?

டல்சி: அவனுக்குத்தான் அது பொய்னே தெரியாதே!

நரெல்: ஏன் டல்சி இப்படிப் பதறுற?

டல்சி: பதறல.

நரெல்: ஏன்?

டல்சி: அண்ணி... என் விரலெல்லாம் மடங்க மாட்டேங்குது... ரொம்ப நாளாவே. கத்தி பிடிக்க முடியல. ஊர்ல எல்லாரும் "டல்சி கேக், டல்சி கேக்"ங்கறாங்க... இனி முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அதான், ஒரே ஒரு தடவைன்னு நினைச்சு...

நரெல்: ஆல்பரி பேக்கரியில கேக்குக்குச் சொல்லி வெச்சே.

டல்சி: ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

நரெல்: திராட்சை அத்தனையும் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவு. கை வெட்டினா அப்படி வராது, மெஷின்தான் வெட்டும். முதல் வருஷமே தெரியும். தெரிஞ்சுதான் வருஷா வருஷம் முதல் பரிசு நீல ரிப்பனை எடுத்து உனக்குக் குத்தினேன், வீட்டுக்காரரோட தங்கச்சி மனசு நோகக் கூடாதேன்னு. ரெண்டாவதா வந்த மார்லீன் ஒவ்வொரு தடவையும் கூடாரத்துக்குப் பின்னாடி போய் நின்னு அழுதா. அங்கதான் கேமரா கிடையாதே, டல்சி.