அப்பா அந்தாண்ட, கேக்கு இந்தாண்ட

...இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் தன்னோட எண்பதாவது பொறந்தநாளுக்கு எங்க இருக்கணும்? கேக்கு இருக்கற எடத்துலதானே? கேக்கு இங்க இருக்கு. எங்கப்பா அங்க இருக்கார். அங்கன்னா... இருங்க இருங்க, எழுந்துக்காதீங்க, நான் தள்ளியே உக்காந்துக்கறேன். என் விரலுக்கு நேரா பாருங்க. இந்தப் பள்ளத்தாக்கு இருக்கா, அதுக்கு அந்தாண்ட. நீலமா ஒரு மேடு தெரியுதுல்ல? அதுக்கு மேல மரக்கூட்டம் மாதிரி ஒரு கோடு? அந்தக் கோட்டுலதான் நாற்காலி போட்டு உக்காந்திருக்காராம். பொறந்தநாள்காரரு!

பத்து மைல்தான் தம்பி. கண்ணுக்கு நேரா இருக்கு. ஆனா போகணும்னா சுத்திச் சுத்தி இருநூத்திப் பத்து மைல். அஞ்சு மணி நேரம். இவ்வளவு பெரிய பள்ளத்தத் தோண்டி வச்சிருக்காங்களே, கார் போற மாதிரி நடுவுல ஒரு பாலம் போடுவோம்னு ஒருத்தருக்காவது தோணிச்சா? ...என்னது? ஆறு தோண்டினதா? யார் தோண்டினா என்ன, பாலம் இல்லல்ல?

என் பேரு ஆர்லிஸ். அயோவாலேர்ந்து வர்றோம். ஒரு பள்ளிக்கூடத்து சமையல்கட்டுல முப்பத்தோரு வருஷம் தலைமை. தெனம் நானூறு பிள்ளைங்களுக்கு சாப்பாடு, ஒரு நாள்கூட ஒரு தட்டு கொறஞ்சதில்ல. வேர்க்கடல ஒத்துக்காதவன் யாரு, பால் ஒத்துக்காதவன் யாரு, ஒத்துக்குது ஆனா ஒத்துக்கலன்னு பொய் சொல்றவன் யாரு, எல்லாம் எனக்கு அத்துபடி. அப்பேர்ப்பட்டவ போட்ட திட்டம் தம்பி இது! பதிமூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சேன். ஒரு ஃபைலு. பச்சைத் தாள்ல சாப்பாடு, மஞ்சள் தாள்ல பெட்ரோல், ரோஸ் தாள்ல கக்கூஸ் எங்கெங்க இருக்கு. சூரிய உதயத்துக்குத் தனி பக்கம். அஞ்சு பத்துக்கு சூரியன் வரும். அஞ்சு பத்துலேர்ந்து அஞ்சு இருவது வரைக்கும் எல்லாரும் ஆச்சரியப்படறது. அஞ்சு இருவதுக்கு காப்பி. இப்படி நிமிஷக் கணக்கா எழுதி வச்சேன்.

என் வீட்டுக்காரர் மெர்ல் இருக்காரே, அவரு ஃபைலப் பாத்துட்டு, "ஏம்மா, அஞ்சு இருவத்தஞ்சு வரைக்கும் எனக்கு ஆச்சரியம் இருந்துச்சுன்னா?"ங்கறார். காப்பி ஆறிப்போயிடும்னேன்.

இதெல்லாம் எதுக்குன்னு கேளுங்க. எங்கப்பா ஆரின், நாப்பது வருஷம் பால் வண்டி ஓட்டினவர். அந்தப் பால் பண்ணைல ஒரு வருஷம் காலண்டர் குடுத்தாங்க, அதுல ஜூன் மாசத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு படம். ஜூன் முடிஞ்சுது. ஜூலையத் திருப்பல மனுஷன். அந்த வருஷம் முடிஞ்சுது, கழட்டல. பதினோரு வருஷம் எங்க சமையல்கட்டுல ஜூன் மாசம்தான் தம்பி. எங்கம்மா சாகறவரைக்கும் தேதி பாக்கப் பக்கத்து வீட்டுக்குத்தான் போனாங்க. ஆனா ஒரு தடவையாவது "நாம போய்ப் பாக்கலாமா"ன்னு அவர் வாயத் தொறந்து கேட்டதில்ல. அப்படி ஒரு பொறவி. அதான், எண்பதுக்குக் கூட்டிட்டு வந்துடணும்னு நானே முடிவு பண்ணேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. அது எதுக்கு உங்களுக்கு... சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன்.

என் தம்பி வெர்லின். நானும் அவனும் பேசி மூணு வருஷம் ஆகுது. அம்மா போனப்புறம் வீட்ட ஒழிச்சான் பாருங்க, அம்மாவோட பெரிய ஃப்ரீசர யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டான். என்னக் கேக்கல. ஃப்ரீசர் போனாப் போகுது, அதுக்குள்ள அம்மா கையால உரிச்சுப் போட்டு வச்ச சோளம் இருந்துச்சு தம்பி. அந்த வருஷத்துச் சோளம். கடைசிச் சோளம். எவனோ முன்னபின்ன தெரியாதவன் வெண்ணெய் போட்டுத் தின்னிருப்பான்! நான் கத்தினேன், அவன் பதிலுக்குக் கத்தினான், அப்புறம் ரெண்டு பேரும் கத்தறதக்கூட நிறுத்திட்டோம். கிறிஸ்துமஸுக்கு அவன் பொண்டாட்டி கார்டு போடுவா, நான் அவளுக்கு மட்டும் பேர் எழுதி பதில் போடுவேன்.

போன அறுவடைக்கு அப்புறம் அப்பா அவன் வீட்டுக்குப் போயிட்டார். யூட்டால இருக்கான். வடக்கேர்ந்து அவன் அப்பாவக் கூட்டிட்டு வரணும், கெழக்கேர்ந்து நாங்க வரணும், இங்க எல்லாரும் ஒண்ணு சேரணும். சேந்து நின்னு ஒரு போட்டோ. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சுக் கலர் சட்டை தச்சு அனுப்பிட்டேன். இதோ நான் போட்டிருக்கேனே, இதுதான். நேத்து இருட்டறதுக்குள்ள வந்துட்டோம். நான், மெர்லு, என் பொண்ணு சோல்வெய்க், அவளோட ரெட்டப் பொண்ணுங்க. கேக்கு ஐஸ் பெட்டில. ஆயிரத்து நானூறு மைல் அந்தப் பெட்டியோட என் மடில வந்த கேக்கு தம்பி, ஒரு ஓரம்கூட நசுங்கல. வந்து பாத்தா வெர்லினக் காணோம். ஏழு மணி... காணோம். எட்டு மணி... காணோம். விடுதி ஆபீஸ்லேர்ந்து போன் அடிச்சா, "நாங்க மத்தியானமே வந்துட்டோம்க்கா, நீங்க எங்க?"ங்கறான். "நாங்க இங்க"ங்கறேன். "நாங்களும் இங்கதான்"ங்கறான். "நான் வாசல்ல நிக்கறேன்டா"ங்கறேன். "நானும் வாசல்ல நிக்கறேன்க்கா"ங்கறான். பத்து நிமிஷம் ரெண்டு பேரும் ரெண்டு வாசல்ல நின்னு கையாட்டிருக்கோம்! கடைசில அந்த ஆபீஸ் பையன்தான் பாவப்பட்டுச் சொன்னான், "அம்மா, இதுக்கு ரெண்டு விளிம்பு இருக்கு. அவங்க வடக்கு விளிம்புல இருக்காங்க, நீங்க தெற்கு விளிம்புல இருக்கீங்க"ன்னு.

அப்ப புடிச்சேன் பாருங்க வெர்லின! மூணு வருஷத்துப் பாக்கி திட்டு, மொத்தத்தையும் அவுத்து விட்டேன். "உனக்கு திக்கு தெரியுமா? சின்ன வயசுல கோழிக்கூண்டுக்குப் போகச் சொன்னா பன்னிக்கொட்டாய்ல போய் நின்னவன்தானே நீ? அப்பாவ எங்கடா கொண்டு போய் வச்சிருக்க? ஒரு காகிதத்தப் பாத்து வண்டி ஓட்டத் தெரியாதா?"ன்னு... வரிசைல நின்ன ஒரு அம்மா, புருஷன் காதப் பொத்தினா.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஒத்துக்கிட்டான். அதான் எனக்கு எரிச்சலு. வெர்லின்னா பதிலுக்குப் பதில் குடுப்பான். கோழிக்கூண்டப் பத்திப் பேசினா, நீ அஞ்சாவது வகுப்புல பண்ணதப் பேசட்டுமாம்பான். நேத்து, "சரிக்கா. நான்தான் சரியாப் பாக்கல. விடு"ன்னான். விடாம்! எதிராளி சண்டைக்கு வரலன்னா திட்டினவளுக்கு எப்படி இருக்கும்? ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இன்னிக்குக் காலைல மூணு காரியம் பண்ணேன். ஒண்ணு, ஏழு மணிக்கு ரெண்டு பக்கமும் போர்வைய ஆட்டறதுன்னு நேத்தே போன்ல பேசி வச்சிருந்தோம். எங்க ரெட்டப் பொண்ணுங்க இந்த விளிம்புல நின்னு வெள்ளப் போர்வைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாளுங்க. கூட்டம் கூடிடுச்சு. யாரோ விழுந்துட்டாங்களாக்கும்னு பயந்து பூங்காக் காவலர் ஓடி வந்தார். வந்து விஷயத்தக் கேட்டுட்டு, தொப்பியக் கழட்டி, "அம்மா, அங்கேர்ந்து பாத்தா உங்க விடுதியே ஒரு கடுகு"ன்னார். நான் சும்மா இருப்பனா? "எங்கப்பாவுக்குப் பார்வை நல்லா இருக்கும், நாப்பது வருஷம் பால் வண்டி ஓட்டினவர்"னேன். அவர் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

ரெண்டு, கேக்கப் பத்திரமா ஒரு கல் மேல வச்சேன், ஒரு அணில் வந்துடுச்சு. எங்க ஊர் அணில் இல்ல தம்பி, இந்த ஊர் அணில், குண்டு. மெர்ல் குறுக்க விழுந்து காப்பாத்தினார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல முப்பத்தாறு வருஷம் முன்னாடி இருந்த அதே பிரியம் வந்துடுச்சு. அப்புறம் பாத்தா அவர் வாயில கிரீம் இருந்துச்சு. பிரியம் போயிடுச்சு.

மூணு... மூணாவது என்னன்னா...

நீங்க எந்த ஊரு தம்பி? ...சரி சரி, நாப்பது நிமிஷத்துல சூரியன் எறங்கிடும், போட்டோ எடுக்கணும், தெரியுது. நீங்க பாட்டுக்கு எடுங்க. நான் பாட்டுக்குப் பேசறேன்.

மூணாவது, மத்தியானச் சாப்பாட்டுச் சீட்டத் தேடி ஃபைலப் பிரிச்சேன். கைல வந்தது நீலத் தாளு. ரூமு பதிவு பண்ணதெல்லாம் நீலத் தாள்லதான் இருக்கும். பதிமூணு மாசம் முன்னாடி நான் ஒரு டிராவல்ஸுக்குப் போன் பண்ணேன். ஒரு சின்னப் பொண்ணு எடுத்தா, நல்லாத்தான் பேசினா. "மேடம், வடக்கா, தெற்கா?"ன்னு கேட்டா.

தம்பி, நான் ஜன்னலக் கேக்கறான்னு நெனச்சேன்.

சிரிக்காதீங்க. ஒரு ரூம் எடுக்கறப்ப வடக்கா தெற்கான்னா வேற என்னத்த நெனப்பாங்க? எங்கப்பாவுக்கு வெயில் ஆகாது, கழுத்தெல்லாம் வேர்த்துடும். அதனால, "அப்பா ரூமு வடக்குப் பாத்தது குடும்மா, ஜில்லுன்னு இருக்கணும். எனக்கு மூட்டு வலி, தெற்குப் பாத்தது குடு, வெயில் படணும்"னேன். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் எழுதிக்கிட்டா. அப்புறம், "மேடம், குடும்பம் பிரிஞ்சு இருந்தாப் பரவால்லியா?"ன்னு கேட்டா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. "நடுவுல ஒரு நட தூரம், அதுக்கு இத்தன கேள்வியா? நானூறு பேருக்குச் சமைக்கறவகிட்ட யோசன சொல்ல வராத"ன்னு வச்சுட்டேன்.

அதோட விட்டேனா? வெர்லினுக்கு நானே கைப்பட எழுதி அனுப்பிருக்கேன். அதோட நகலு ஃபைல்ல இருக்கு. சிவப்பு மையில, ரெண்டு கோடு போட்டு. "வடக்கு. மறந்துடாதே. உனக்கு மறக்கும்."

அப்ப அந்தக் காகிதம் அவன்கிட்ட இருக்கு. நேத்து அந்தத் திட்டு திட்டறப்ப அவன் பையிலதான் இருந்திருக்கும். எடுத்து ஒரு வரி படிச்சிருந்தா நான் அங்கேயே செத்திருப்பேன். படிக்கல தம்பி. "நான்தான் சரியாப் பாக்கல"ன்னான்.

இது எங்க ஆளுங்க யாருக்கும் தெரியாது. நான் கக்கூஸுக்குப் போயிருக்கேன்னு நெனச்சுட்டிருக்காங்க. ஒன்றர மணி நேரமா. இந்த பெஞ்சுலதான் போன் எடுக்கும்னு அந்தக் காவலர் சொன்னார், அதான் வந்தேன். வந்து அவன் நம்பரப் போடறதும் கட் பண்றதுமா இருந்தேன். அப்பதான் நீங்க வந்து உக்காந்தீங்க. உங்ககிட்ட பேசிட்டிருந்தா அவன்கிட்ட பேச வேண்டாம்ல? ...என்ன பாக்கறீங்க? இப்பவேவா? போன் போகாது, மேகமா இருக்கு. ...மேகம் இல்லியா? சரி. நீங்க எழுந்து போயிடாதீங்க. துணைக்கு இருங்க.

ரிங் போகுது...

ஹலோ? வெர்லின்? நான்தான். ...இல்லடா, திட்டறதுக்கு இல்ல. குறுக்க பேசாத, ஒரே மூச்சுல சொல்லிடறேன், இல்லாட்டி சொல்லவே மாட்டேன். வடக்குன்னு எழுதினது நான். தப்பு என்மேல. ...என்ன, தெரியுமா? எப்பலேர்ந்து? ...அப்புறம் ஏண்டா நேத்து அப்படியே கேட்டுட்டு நின்ன? ...அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரா. ...ம். ...ம். ...இல்ல, நான் அழல, இங்க காத்து. ...ஆங்? அப்பா என்ன சொன்னாராம்? ..."எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும்னு காலண்டர்ல போடலியே"ன்னு சொன்னாரா? அவரே கேட்டாரா? வாயத் தொறந்து? ...சரி, நீ இப்ப எங்க இருக்க? ...எந்த நுழைவாயில்? இந்தப் பக்கமா? நெசமாவா? ...காலைல எட்டரைக்கே கெளம்பிட்டியா? நான்தான் அங்கேயே இருடான்னு சொன்னேனே! ...சரிடா சரிடா, நீ கேக்காததும் நல்லதுக்குத்தான். மெதுவா வா. மான் குறுக்க வரும். அப்பாவ எழுப்பாத, தூங்கட்டும். ...டேய். ...ஒண்ணுமில்ல. வா.

தம்பி! வந்துட்டாங்க! இன்னும் இருவது நிமிஷத்துல இங்க இருப்பாங்க! அங்கேர்ந்து சுத்தி வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி வந்திருக்கான் பாருங்க... அய்யய்யோ. அய்யய்யோ தம்பி, இங்க அவங்களுக்கு ரூமு ஏது? அப்பா, அவன், அவன் பொண்டாட்டி, மூணு பேரு! ஆறு மாசம் முன்னாடியே எல்லாம் நெறஞ்சு போச்சுன்னு அந்த ஆபீஸ் பையன் சொன்னானே. இருங்க, யோசிக்கறேன். ரெட்டப் பொண்ணுங்கள எங்க ரூம் தரைல போட்டுடலாம். அப்பாவுக்கு மெர்லோட கட்டிலு. மெர்லு வண்டில படுத்துப்பார், அணில் கிட்டேர்ந்து காப்பாத்தினதுக்கு அதுவே அதிகம். வெர்லின் பொண்டாட்டி சோல்வெய்க் கூட. மிச்சம் வெர்லின் ஒருத்தன்தான்...

நீங்க தனியாத்தானே வந்திருக்கீங்க தம்பி? அப்ப உங்க ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கும்ல? அவன் தங்கமான பையன். கொறட்ட விடுவான், ஆனா ஒரே சீரா விடுவான், அர மணி நேரத்துல பழகிடும். காலைல அஞ்சு பத்துக்கு நானே வந்து உங்க ரெண்டு பேரையும் எழுப்பி விட்டுடறேன்... தம்பி? எங்க போறீங்க? தம்பி, அந்தப் பக்கம் இல்ல, அது கீழ ஆத்துக்கு எறங்கற பாதை! கோவேறு கழுத போற வழி! போனா நாளைக்குத்தான் ஏற முடியும்! தண்ணிகூட எடுத்துக்காம... சரி, எறங்கறதுன்னா எறங்குங்க, ரூம் சாவியையாவது மேல போட்டுட்டு எறங்குங்க!