சும்மா இல்லைங்க

குடவாசல் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அம்மாளும் அவர் அண்ணன் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பொண்ணு வீட்டுல சும்மாதான் இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டேன்டி.”

“சும்மாவா? பத்திரிகைக்கு எழுதுறேன் அத்தை.”

“ஆபீஸ் கிடையாது, மாசச் சம்பளம் கிடையாது. கடைமடை வயலுக்குத் தண்ணி வரலைன்னு எழுதின கட்டுரை திரும்பி வந்துச்சுன்னு அழுதியே.”

“அழுதேன். அன்னைக்கே திருத்தி வேற பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்.”

“கல்யாணம் முடியட்டும், அப்புறம் எழுதிக்க.”

அந்தப் பெண் உடனே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டாள்.

“வணக்கங்க, வலங்கைமான் பொண்ணு பேசுறேன். நான் சும்மா இல்லைங்க, எழுதுறேன். கல்யாணத்துக்கப்புறமும் எழுதுவேன். சம்மதம்னா ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாங்க.”

போனை வைத்ததும் அத்தை கேட்டார், “என்னடி சொன்னாங்க?”

“யோசிச்சுச் சொல்றாங்களாம்.”

“போச்சு.”

“போனா போகட்டும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க அத்தை, நாளைக்கு ஒரு கட்டுரை குடுக்கணும்.”