இருபத்தெட்டுக் கண்ணாடிகள்

பூண்டு வாடை எனக்குப் பிடிக்கும், டாக்டரம்மா. பூம்பாறையில் பிறந்தவள் வேறெப்படி இருப்பாள்? மனித வாடைதான் ஆகாது. இரண்டாயிரத்து ஏழில் மதுரையிலிருந்து வந்த உங்கள் குழுவுக்கு அது தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், முப்பது வயது, கையெழுத்து நன்றாக இருக்கிறது, வாய் திறக்காதவள் என்று என்னை வேலைக்கு எடுத்தீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தரங்கமான எதையும் வாயாடிகளிடம் கொடுக்கமாட்டார்கள்.

வேலை எளிது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, பெண்கள் தாங்களே சிறு தூரிகையால் உள்ளிருக்கும் கசிவை எடுத்துச் சிமிழில் போட்டுத் தருவார்கள். நான் அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, எண் எழுதி அனுப்ப வேண்டும். கட்டியை அடக்கும் புரதம் ஒன்று உண்டு. கிருமி புகுந்து கெடுத்த செல்லில் அது அளவுமீறிச் சேர்ந்துவிடும், சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியும். நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள்.

முதல் சிமிழ் என் மதினி வேலுத்தாயுடையது. "மூக்கப் பொத்தாதத்தா மகாராணி. பன்னீரு தெளிச்சுக் கொண்டாரச் சொல்லலையே அந்த டாக்டரம்மா" என்று சிரித்தாள். அவள் போனதும் மூடியைத் திறந்தேன். மூட்டையில் அழுகிய முட்டைக்கோஸின் வாடை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற இருபத்தேழை நான் திறக்கவே இல்லை. எல்லாவற்றையும் கேரட் கழுவும் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தில் எறிந்துவிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

வெறும் கண்ணாடியை அனுப்பினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். மிச்சமிருந்த தூரிகைகளை வைத்து, மூன்று நாளில், இருபத்தெட்டுக் கண்ணாடியிலும் என்னுடையதையே தடவினேன். சுத்தமானதைத்தானே கொடுத்தேன்.

எதிலும் பழுப்பு இல்லை என்று உங்களிடமிருந்து தாள் வந்தது. வீடு வீடாகப் போய் நான்தான் படித்துச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து மதினி வெள்ளனே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ரத்தம் படுதுத்தா. வெரசா மதுரைக்குப் போயிட்டு வந்துரவா?"

"தாள்ல சுத்தம்னு போட்டிருக்கு மதினி. போயி சோலியப் பாருங்க."

நம்பிப் போனாள். அவள் உட்கார்ந்த பலகையைப் பினாயில் விட்டுத் துடைத்தேன். அவள் சாவதற்கு முந்தின மாதம் அந்த வீட்டுப் பக்கமே என்னால் போக முடியவில்லை. வாடை தெருவரை வந்தது. அடுத்த வருடம், சிமிழ் கொடுத்தவர்களில் மூக்கம்மாவும் அதே நோயில் செத்தாள். அப்புறம் சண்முகவள்ளி.

எல்லாம் நான் செய்ததுதான், மறைக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு முறை சோதித்து, இருபத்தெட்டு முறையும் நான் சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள்.