கிளைசினும் நல்லெண்ணெயும்

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான் அந்த அம்மாளின் அண்ணன் மகன், ஆராய்ச்சி மாணவன்.

“எலியோட கிட்னிக்கு ரத்தத்த நிறுத்திருவோம் அத்த. கொஞ்ச நேரங்கழிச்சு தொறந்து விடுவோம். சும்மா விட்ட எலிக்கு கிட்னி கெட்டுரும். முன்னாடியே கிளைசின் குடுத்த எலிக்கு அவ்வளவா கெடாது.”

எலி என்றதும் நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

“அது என்னலே கிளைசின்?”

“ஒரு அமினோ ஆசிட். நாம திங்க பருப்புல, கறியிலகூட இருக்கு.”

“மாமாவுக்கும் ரத்தத்த நிறுத்தித்தான் கிட்னிக் கல்ல எடுக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. அதுல கொஞ்சம் கொண்டாந்து குடேன்.”

“மனுசங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கல அத்த.”

“எலிக்கு இருக்க கவனிப்பு எங்களுக்கு இல்லையாக்கும்.”

அருவியில் தேய்த்துக் குளிக்க மடியில் நல்லெண்ணெய் பாட்டிலை வைத்திருந்த மாமா அப்போதுதான் வாய் திறந்தார்.

“கிட்னி கெடாத எலிய அப்புறம் என்ன செய்வீய?”

“அறுத்துப் பாப்போம் மாமா.”

“எதுக்கு?”

“கெடலன்னு தெரியணும்லா.”

பஸ் குற்றாலத்தில் நின்றது. மாமா பாட்டிலோடு எழுந்தார்.

“ஏட்டி, எறங்கு. எனக்கு எண்ணெயே போதும்.”