டிசம்பர் மாத உர்ராக்

ஸெல்மா: நீ ஊத்திக்கலையா, கிளீட்டஸ்?

கிளீட்டஸ்: கடைக்காரனே குடிச்சா கடை உருப்படுமா? நீ குடி.

ஸெல்மா: காலேஜ்ல ஒரே டம்ளருக்கு அஞ்சு பேர் அடிச்சுக்குவோம். முதல் வாய் எனக்குத்தான்னு நிப்ப...

கிளீட்டஸ்: அது அப்போ. ஆல்விட்டோ இப்ப கப்பல்ல, சொட்டு தொடக்கூடாதாம். ரோவீனா குழந்தை பிறந்ததும் நிறுத்திட்டா. பாஸ்கால்தான் விடலை. தனியா உக்காந்து குடிக்கிறான்... அதை விடு. நீ புனேல ஒயினாமே?

ஸெல்மா: யார் சொன்னா?

கிளீட்டஸ்: வெள்ளிக்கிழமை ஒரு கிளாஸ். அதுவும் மணி பார்த்து.

ஸெல்மா: ஆபீஸ் ஆளுங்களோட வேற எப்படிடா குடிக்கிறது? சிரிக்கிறதுக்குக்கூட யோசிக்கணும்.

கிளீட்டஸ்: நீயா? பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு முந்திரித் தோப்புல சிரிச்சியே, மூக்கு வழியா லிம்கா வர்ற...

ஸெல்மா: போதும், போதும். ஆமா, டிசம்பர்ல ஏது உர்ராக்? முந்திரிப் பழச் சாராயம், ஏப்ரல்ல வடிக்கிறது, மழை வந்தா முடிஞ்சுது. கோவாக்காரி என்கிட்டயே...

கிளீட்டஸ்: ஒரு பாட்டில் எடுத்து வெச்சேன். ஈஸ்டருக்கு வரேன்னியே.

ஸெல்மா: லீவு கிடைக்கலை...

கிளீட்டஸ்: சரி. எப்படி இருக்கு?

ஸெல்மா: நல்லா இருக்கு. இன்னொரு கிளாஸ் ஊத்து.

கிளீட்டஸ்: பழையபடி பச்சை மிளகாய் கீறிப் போடவா?

ஸெல்மா: போடு... ம். நல்லாதான் இருக்கு.

கிளீட்டஸ்: பொய். மழைக்காலம் தாண்டுனா உர்ராக் நிக்காது. எனக்குத் தெரியாதா?

ஸெல்மா: ...புளிச்ச காடி மாதிரி இருக்கு. தெரிஞ்சுமா கொடுத்த?

கிளீட்டஸ்: உனக்குன்னு வெச்சது. நீ போனதுலேர்ந்து மூணு வருஷமும் ஏப்ரலுக்கு ஒண்ணு எடுத்து வெச்சேன். ரெண்டைக் கொட்டிட்டேன். இதைக் கொட்ட மனசு வரலை.

ஸெல்மா: கிளீட்டஸ்...

கிளீட்டஸ்: இரு, சொல்லிடறேன். உன்கூடக் குடிச்ச மாதிரி அப்புறம் யார்கூடவும் ருசிக்கலை. அதான் விட்டுட்டேன், கடையினால இல்லை. அடுத்த ஏப்ரலாவது வருவியா? சும்மா தலையாட்டு, போதும். காடின்னு தெரிஞ்சும் ரெண்டாவது கிளாஸ் கேட்டியே, அப்போ...

ஸெல்மா: தாத்தா வழியில கேட்டிருந்த போர்ச்சுகல் பாஸ்போர்ட் வந்துடுச்சுடா. ஜனவரியில லிஸ்பன் போறேன், திரும்பி வர மாட்டேன். முதல் கிளாஸ் முடிஞ்சதும் சொல்லிடணும்னுதான் வந்தேன். சொன்னா எழுந்து போகணுமே... அதான் இன்னொண்ணு கேட்டேன்.